டிவி பொய் சொல்லுமா?

ஜூன் 9, ஞாயிறு

டிவி வந்துவிட்டது. ஐம்பத்தைந்து அங்குலம். மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டு, கொண்டுவந்த இரண்டு பேரும் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார்கள். மகள் இசை கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அவள் அறைக்கு இனிமேல் ஹோம் தியேட்டர் என்று பெயர்.

"ஏங்க, ரெண்டு பேரு பாக்க எதுக்கு இவ்ளோ பெரிய டிவி?" என்று கேட்டேன்.

"தென்காசியில பாதிக் கல்யாணத்தை நான்தான் படம் புடிச்சிருக்கேன். என் வீட்ல ஒரு நல்ல திரை வேண்டாமாட்டி?" என்றார். அது நியாயம்தான். ஸ்டூடியோ போட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. வீட்டில் இதுவரை இருந்தது இசையின் காதுகுத்துக்கு வாங்கிய குட்டி டிவி.

டிவியோடு ஒரு கறுப்புப் பெட்டியும் வந்திருக்கிறது. பழையது, திருநெல்வேலியில் யாரோ விற்றது. ரிசீவர் என்கிறார். டிஷ் பெட்டி, டிவிடி பிளேயர், வீடியோ கேசட் பிளேயர், பழைய கைக்கேமரா, அவருடைய லேப்டாப் எல்லாமே முதலில் அதற்குள் போக வேண்டுமாம். அதிலிருந்து ஒரே ஒரு வயர் டிவிக்குப் போகுமாம். அதன் முன்பக்கத்தில் ஒன்றுமில்லை, திருகுகிற குமிழ் இரண்டு மட்டும். பின்பக்கத்தைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு துளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பெயர். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் யார் பேச்சைக் கேட்பது என்று முடிவு செய்யத் தெரிந்த பெட்டி. எங்கள் ஆபீஸில் அப்படி ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும்.

ரிமோட்டுக்கு பேட்டரி தேடி அவர் மேஜை டிராயரைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைச் சீட்டு ஒன்று இருந்தது. பழையது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

வயர் ஓரடி பத்தவில்லை. மேஜையை நகர்த்தினோம்.

ஜூன் 14, வெள்ளி

டிஷ்ஷும் லேப்டாப்பும் ஒரே தடவையில் வந்துவிட்டன. கேசட் பிளேயர்தான் தகராறு.

அதற்குப் பட்டையான புதுமாதிரி வயர் கிடையாது. மூன்று தலை வைத்த பழைய வயர். மஞ்சள் பின்னில் படம், சிவப்பிலும் வெள்ளையிலும் சத்தம். பெட்டியில் அதே மூன்று நிறத்தில் மூன்று துளைகள். நிறத்துக்கு நிறம் செருக வேண்டும், அவ்வளவுதான். இவர் மேஜைக்குப் பின்னால் தலையை நுழைத்துச் செருகிவிட்டு, "போடு" என்றார். போட்டேன். திரை கறுப்பு. ஸ்பீக்கரில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு உறுமல்.

"பிளேயர் போச்சோ?" என்றார். பிடுங்கிச் செருகினார். மறுபடி உறுமல். மூன்றாவது தடவை பிளேயரைத் தட்டவும் செய்தார்.

"நவுருங்க, நான் பாக்கேன்" என்று நான் குனிந்து பார்த்தேன். மஞ்சள் பின் வெள்ளைத் துளையில் இருந்தது. வெள்ளைப் பின் மஞ்சள் துளையில். படத்தைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் ஊற்றினால் அது உறுமாமல் என்ன செய்யும்?

"கல்யாண மண்டபத்துல கண்ண மூடிக்கிட்டு வயர் மாட்டுவேன்னு பெரும பேசுவிய!"

"வெளிச்சமே இல்லட்டி அங்க. குகை மாதிரி இருக்கு."

அவசரம். வேறென்ன.

மாற்றிச் செருகினேன். உறுமல் நின்றது. ஆனால் படம் இன்னும் வரவில்லை.

ஜூன் 15, சனி

மேஜைக்குப் பின்னால் ஒரு டியூப்லைட் மாட்டினார்.

ஜூன் 18, செவ்வாய்

நான்கு நாள் மண்டையைக் குடைந்தது. சத்தம் வருகிறது, படம் வரவில்லை. ஆபீஸில் தண்ணீர் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும்போதெல்லாம் அந்தப் பெட்டியின் பின்பக்கம்தான் கண்ணில் நின்றது. கையேட்டை மதியச் சாப்பாட்டோடு கொண்டுபோய்ப் படித்தேன். புரியவில்லை. சாயங்காலம் இசைக்குப் போன் போட்டேன்.

"ம்மா, அந்தப் பெட்டி பழசு. மஞ்சள்ல உள்ள வர்றத பட்டை வயர்ல வெளிய அனுப்ப அதுக்குத் தெரியாது. மஞ்சள்ல வந்தா மஞ்சள்லதான் போகும். பெட்டிக்குப் பின்னால 'மானிட்டர்'னு ஒரு மஞ்சள் ஓட்டை இருக்கா?"

"இருக்கு."

"அங்கருந்து டிவிக்குத் தனியா ஒரு மஞ்சள் வயர் போடு. கேசட் போடுறப்ப டிவியில ஏவின்னு மாத்திக்கோ. அப்பாவுக்கு இது தெரியுமே, ஏன் சொல்லல?"

"அவருக்கு வேலை ஜாஸ்தி" என்றேன்.

நானே செருகினேன். படம் வந்தது! சினிமாவில் யாரோ பிழைத்துக்கொண்ட மாதிரி கத்திவிட்டேன். எல்கேஜி மாறுவேடப் போட்டியில் இசை கத்தரிக்காய் வேஷத்தில் மேடைக்கு வருகிறாள். "நான் கத்தரிக்காய்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரி மறந்து, காம்பைப் பிய்த்துத் தின்னப் பார்க்கிறாள்.

இவர் நாற்காலியைத் திரைக்கு இரண்டடி முன்னால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் திரும்ப ஓடவிட்டார். மூன்று தடவை.

"இவ்ளோ பெரிய டிவி வாங்குனதே தள்ளி உக்காந்து பாக்கத்தானே?"

"நான் எப்பவும் தரை டிக்கெட்டு" என்றார்.

ஜூன் 24, திங்கள்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இன்று முப்பத்திரண்டு பாட்டில். குளோரின் பார்க்கிற மருந்தைச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். வெறும் தண்ணீருக்கும் மிக இளம் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்குத்தான் எனக்குச் சம்பளம். பத்தொன்பது வருடமாக அதைப் பார்க்கிறேன். என் கண்ணுக்குத் தப்பாது என்று ஆபீஸில் சொல்வார்கள்.

காலையில் இவர் என்னைப் பைக்கில் கொண்டுவிடும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு மாடு ரோட்டுக்கு வந்தது. நான் கத்தியபிறகுதான் பிரேக் போட்டார். என் சாப்பாட்டுப் பை மாட்டின் மேல் இடித்தது. அது திடீரென்று வந்துவிட்டது. இல்லை, மெதுவாகத்தான் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஜூன் 25, செவ்வாய்

சாரல். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பேரேடு மாதிரி ஒழுங்காக ஓடுகிறது தியேட்டர். அவர் தினமும் சாயங்காலம் ஒரு கேசட் பார்க்கிறார். கைக்கேமரா டேப்புகளும் ஆரம்பித்தாயிற்று. முன்பெல்லாம் எடுத்ததைத் திரும்பிப் பார்க்காத மனிதர். எடிட்டிங் வேலையையும் ஸ்டூடியோவில் செய்யாமல் லேப்டாப்பை இங்கே, பெட்டியில் இல்லாமல் நேராக டிவியிலேயே மாட்டிச் செய்கிறார். "பெருசாப் பாத்து வேலை செஞ்சா சுகமா இருக்கு." மாமா, அதாவது அவர் அப்பா, கடைசி ஐந்தாறு வருடம் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தது ஏனோ இன்று ஞாபகம் வந்தது. வயதானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னோம்.

ஜூலை 4, வியாழன்

பின்தெரு பகவதி அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்துவிட்டாள். வைகாசியில் அவள் மகள் கல்யாணம். இவர்தான் வீடியோ. போன வாரம் கொடுத்தார்.

"கோமதிநாயகம் தம்பி இருக்காரா? உலகு, ஒம் புருசன் செஞ்ச காரியத்தக் கேளு. எம் மவ கழுத்துல ஏறுற தாலிக்கயிறு வெள்ளையா இருக்கு! வெள்ளக் கயிறு! சம்பந்தி வீட்டு ஆளுக இருவது பேர உக்காரவச்சு, காப்பி குடுத்து, வீடியோவப் போடுதேன். எல்லாரும் கப்சிப்புனு ஆயிட்டாவ. சம்பந்தியம்மா காப்பிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டா."

"யக்கா, உக்காருங்க மொதல்ல."

"உக்காருறதுக்கா வந்தேன்? நானே எங்கையால மஞ்சள இழைச்சு மூணு தடவ தோய்ச்சுக் காயவச்ச கயிறுட்டி அது!"

இவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கடைசிப் படியில் கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ஒங்க டிவி கலர் சரியில்ல. பழைய டிவி."

"போன பொங்கலுக்கு வாங்குனது!"

"வாங்க மாடிக்கு, காட்டுதேன்."

மூவரும் ஏறினோம். லேப்டாப்பில் அந்தக் கல்யாணத்தைப் போட்டார். பெரிய திரையில் மாப்பிள்ளை கை வருகிறது, கெட்டிமேளம், கயிறு. பளிச்சென்று மஞ்சள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"பாத்தியளா?" என்றார் இவர்.

பகவதி அக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "இங்க மஞ்சளாத்தான் இருக்கு. ஆனா அங்க வெள்ளையா இருக்கே. ஒண்ணு ஒங்க டிவி பொய் சொல்லணும், இல்ல எங்க டிவி பொய் சொல்லணும். டிவி பொய் சொல்லுமா தம்பி?" பென்டிரைவை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினாள். "ஆவணியில எந் தம்பி மவளுக்குக் கல்யாணம். நீங்கதான்னு சொல்லி வச்சிருந்தேன். அப்புறம் பாக்கலாம்."

அவள் போனபிறகு இவர் கயிறு வருகிற இடத்தையே நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில்.

ஜூலை 5, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன். அவர் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தார்.

பகவதி அக்கா கேட்டது விடவில்லை. ஒரே படம், இரண்டு நிறம். ஆபீஸில் இப்படி வந்தால் ஒரே தண்ணீரை இரண்டு கருவியில் பார்ப்போம். அவள் பென்டிரைவை டிவியின் பக்கவாட்டில் நேராகச் செருகினேன், லேப்டாப் வழியாக இல்லாமல். அதே டிவி, அதே கல்யாணம். கயிறு வெள்ளை. நல்ல சலவை வெள்ளை.

லேப்டாப் வழியாகப் போட்டேன். மஞ்சள்.

மாற்றி மாற்றி ஏழெட்டுத் தடவை போட்டேன். பிறகு ரிமோட்டில் படத்துக்கான அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு இணைப்புக்கும் டிவி தனித்தனியாக ஞாபகம் வைத்திருக்கிறது. டிஷ்ஷுக்குக் கலர் ஐம்பது. கேசட்டுக்கு ஐம்பது. பென்டிரைவுக்கு ஐம்பது. லேப்டாப்புக்கு நூறு. வெளிச்சம் நூறு. நிறச்சாயல் மஞ்சள் பக்கம் கடைசி வரை தள்ளியிருந்தது.

டிவியில் நிறத்தைக் கடைசி வரை ஏற்றியிருக்கிறார். அப்போது பெண்ணின் முகமெல்லாம் அவர் கண்ணுக்கே மஞ்சளாக அடித்திருக்கும். அதனால் வீடியோவில் மஞ்சளைக் குறைத்திருக்கிறார். இந்த அறையில் எல்லாம் சரியாகத் தெரியும். இந்த அறையை விட்டு வெளியே போனால் கயிறு வெள்ளை.

டிவி பொய் சொல்லவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று எழுத வந்தேன். நூறுவரைக்கும் கை தவறாது.

ஜூலை 7, ஞாயிறு

சும்மா பார்க்கலாம் என்றுதான் செய்தேன். மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் எலுமிச்சை நிறக் கேசரிப் பவுடர் ஊசிமுனை அளவு. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். சாப்பாட்டு மேஜையில், ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மேல் வரிசையாக வைத்தேன். இரண்டாவது இளம் மஞ்சள், மூன்றாவது யாருக்கும் தெரிகிற மஞ்சள். அவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. பேப்பரோடு வந்து உட்கார்ந்தவர், மூன்றாவது டம்ளரை எடுத்தார்.

"எதுக்குட்டி மூணு டம்ளர்ல தண்ணி வச்சிருக்க? யாரும் வாராவளா?" என்று குடிக்கப் போனார்.

நான் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டேன். குடித்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் பிடித்தேன். விடவும் இல்லை.

அவர் டம்ளரைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மற்ற இரண்டையும் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருப்பவர், என் வேலை என்ன என்று தெரியாதவரா?

"இதுல மஞ்சள் எது உலகு?" என்றார்.

"உங்க கையில இருக்குறது."

டம்ளரைத் துணி மேல் வைத்தார். "பரவால்ல. நான் ரெண்டாவதுன்னு நினைச்சேன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

ஜூலை 8, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

டிராயரில் இருந்த சீட்டைப் பழையது என்று எழுதியிருந்தேன். இரண்டு வருடம் பழையது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்ணைச் சோதித்த பெண் அதன் அடியில் எழுதிக் கொடுத்திருந்தாள்: "கண் அழுத்தம் அதிகம். டாக்டரைப் பார்க்கவும்." கீழே கோடு வேறு போட்டிருந்தாள். அன்று நானும் கூடத்தான் இருந்தேன். இசைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கட்டும், பிறகு போகலாம் என்று சொன்னது நான். இடம் கிடைத்தது. அவளைக் கொண்டுபோய் விட்டோம். பிறகு அந்தச் சீட்டைப் பற்றி நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஜூன் 9-ஆம் தேதி அதை மடித்துத் திரும்ப உள்ளே வைத்ததும் இதே கைதான்.

இதைச் சொல்லி நேற்று அழுதேன். அவர், "நீ மறந்திருப்ப. நான் மறக்கலட்டி" என்றார்.

"அப்பாவுக்கும் இதேதான். பக்கவாட்டுலருந்து ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்துச்சு. போனா அதத்தான் சொல்லுவாவ. சொல்லாம இருந்தா இல்லன்னு வச்சிக்கிடலாம்லா? போன வருசத்துலருந்து ஸ்டூடியோவுல சின்னத் திரை புடிபடல. அதான் இது. இசையோட டேப்பெல்லாம் இருக்கு, நம்ம கல்யாணம் இருக்கு. தெரியுற வரைக்கும் பெருசா ஒரு தடவ பாத்துருவோம்னு."

ஹோம் தியேட்டர் எதற்கு என்று முதல் நாள் நான் கேட்ட கேள்விக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் வந்திருக்கிறது.

"என்னைய விட்டுட்டுத் தனியாப் பாத்திய" என்றேன்.

"நீ பின்பக்கத்தப் பாத்துக்கிட்டிருந்த" என்றார். உண்மைதான்.

ஜூலை 11, வியாழன்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. காலை ஆறரை பஸ். எத்தனை வரிசை, எத்தனை சொட்டு மருந்து! ஒரு கருவியில் முகத்தை வைத்து, ஓரத்தில் எங்கே ஒளிப்புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற எனக்கு அவர் அழுத்துகிற சத்தம் கேட்டது. டக். டக். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது. அந்த நேரத்திலும் உள்ளே புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். இவ்வளவு நீளமான அமைதியை நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இடது கண்ணில் ஓரம் பெரும்பாலும் போய்விட்டது. வலதில் கொஞ்சம். போனது திரும்பாது. இருப்பதை வைத்துக்கொள்ளலாம், தினமும் சொட்டு மருந்து விட்டால், ஒரு நாள்கூட விடாமல். பைக் கூடாது. நிறம் பிரித்துப் பார்ப்பது இனி முன்போல் இருக்காது.

"எந்த நிறம்னு கணக்கு இருக்கா மேடம்?" என்று நான் கேட்டேன். மஞ்சளும் நீலமும்தான் முதலில் போகும் என்றார். அந்த நிலைமையிலும் அது ஏன் என்று கேட்கத் தோன்றியது. கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். இவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் வீடியோ எடுக்குறவன்" என்றார் கடைசியில்.

"எடுங்க. கலர் வேலைக்கு மட்டும் பக்கத்துல இன்னொரு கண்ணு வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா.

ஜூலை 12, வெள்ளி

காலை ஏழு, இரவு ஏழு. காலண்டரில் குறித்தாயிற்று. இசையிடம் சொன்னோம். அழுதாள், திட்டினாள், பிறகு மருந்து பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

ஜூலை 13, சனி

பகவதி அக்கா வீட்டுக்கு நடந்தே போனோம். நான் பேசுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். ஊரில் ஒரு வீட்டில் சொன்னால் எல்லா வீட்டிலும் சொன்ன மாதிரி. ஆவணிக்கு யாரும் கூப்பிடாமல் போகலாம். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"அக்கா, ஒங்க டிவி சரிதான்" என்றார், நின்றுகொண்டே. "என் கண்ணுதான் சரியில்ல. மஞ்சள் எனக்குத் தெரியல. தெரியலங்கிறதும் தெரியும். ஒங்ககிட்ட மறைச்சுட்டேன்."

பகவதி அக்கா முறத்தை இறக்கி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இத அன்னைக்கே சொன்னா நான் ஏன் தெருவுக்கே கேக்குற மாதிரிக் கத்தப் போறேன்? இப்ப எல்லாத்துக்கிட்டயும் போய் வேற சொல்லணும், எம் மவ தாலி மஞ்சள்தான்னு" என்றாள். அவரிடம், "சரி பண்ணித் தாரியளா? யாரு பாத்து சரி பண்ணுவா?"

"இவ" என்றார்.

எனக்கே அப்போதுதான் தெரியும்.

"நீயா? நீ தண்ணி பாக்குறவல்லா?"

"மஞ்சள்தான்க்கா பாக்கேன்" என்றேன்.

ஆவணிக் கல்யாணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

லேப்டாப் இணைப்பின் கலரை நூறிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினேன். வெளிச்சத்தையும் இறக்கி, நிறச்சாயலை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குட்டி" என்றார். இருக்கட்டும் என்றேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு டேப் பார்க்கலாம் என்று அவர் கைக்கேமராவைப் பெட்டியில் மாட்டப் போனார். நான் மஞ்சள் பின்னின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி வைத்திருந்தேன். பெட்டியின் மஞ்சள் துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ஃபெவிகால் காயவைத்திருந்தேன். சொல்லவில்லை. அவர் விரல் ரப்பர் பேண்டில் நின்றது. பிறகு ஃபெவிகாலைத் தடவியது. செருகினார். டியூப்லைட்டைப் போடவில்லை.

திரை கறுப்பு.

"என்ன உலகு, படம் வரல? பின்னு சரியாத்தானே போட்டேன்?"

குனிந்து பார்த்தேன். மூன்றும் சரி. அப்புறம்தான் பார்த்தேன், டிவியை ஏவிக்கு மாற்ற நான் மறந்திருக்கிறேன்.

"நல்ல கண்ணு வச்சிருக்க நீ!" என்றார். ஒரு மாதத்தில் அவர் முழுசாகச் சிரித்தது இன்றுதான்.

பிறகு கல்யாணத்தைப் போட்டோம். மாப்பிள்ளையின் கை வருகிறது. அங்கே நிறுத்தினார். வெள்ளைக் கயிறு. மஞ்சளை ஏற்றுகிற கோட்டில் மௌஸை வைத்து, "ம்" என்றார்.

ஆபீஸில் கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். நிறம் மாறுகிற அந்தச் சொட்டில் நிறுத்தவேண்டும். ஒரு சொட்டு முன்னால் நிறுத்தினாலும் தப்பு, ஒரு சொட்டு பின்னால் நிறுத்தினாலும் தப்பு. இத்தனை வருடத்தில் குழாயைத் திருப்புகிற கையும் என்னுடையது, பார்க்கிற கண்ணும் என்னுடையது. இன்று கை அவருடையது.

"வந்துருச்சா?"

"இன்னும்."

"இப்ப?"

"கொஞ்சம். பொண்ணு நெத்தியப் பாத்துக்கிடுதேன், அது மாறக் கூடாது. இன்னும் கொஞ்சம்."

"எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"இருக்கட்டும். நீங்க நவுத்துங்க."

அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மௌஸை நகர்த்தினார். வெள்ளையாக இருந்தது சந்தனமாயிற்று. சந்தனம் கனத்தது. பகவதி அக்கா இழைத்து இழைத்து மூன்று தடவை தோய்த்த மஞ்சள் மெல்ல மேலே வந்தது.

"நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார்.